கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்கள்: நெடுநாள் பயன்பாட்டில் தெரிந்துகொண்டவை

தமிழ் படிக்க மின்வாசிப்பான் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்கிய பிறகு தமிழ் எப்படித் தெரியும் என்பதில் முக்கால் பங்கு நீங்கள் அதில் போடும் கோப்பைப் பொறுத்தது. ஒழுங்கான ஒருங்குறி (யுனிகோட்) எழுத்தில் அமைந்த இபப் (EPUB, மின்னூல்களின் பொது வடிவம்) கோப்பு கிடைத்துவிட்டால், அமேசானின் விலை குறைந்த கிண்டிலிலேயே ஐந்நூறு பக்க நாவலை அலுப்பில்லாமல் படித்து முடிக்கலாம். கோப்பு சரியில்லை என்றால் எந்தக் கருவியும் அதைக் காப்பாற்றாது. இலவசத் தமிழ்ப் புத்தகங்களில் இரண்டு வகையும் ஏராளம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

கருவியைப் பற்றிச் சொல்வதெல்லாம் 2021-ல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட்டை வைத்து. 6.8 அங்குலத் திரை, 205 கிராம் எடை, அங்குலத்துக்கு 300 புள்ளிகள். தமிழுக்கு இந்த 300 மிகவும் முக்கியம். 2019 வரை வந்த அடிப்படை கிண்டில்களில் 167 புள்ளிகள்தான். ஆங்கிலம் அதில் பரவாயில்லை. தமிழில் சிறிய எழுத்தளவு வைத்தால் மெய்யெழுத்தின் மேல்புள்ளி மங்கிப்போகும், ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் கண் திணறும். பழைய கருவி வாங்குகிறவர்கள் இதை மட்டுமாவது பார்த்து வாங்குங்கள். 2022-ல் வந்த அடிப்படை மாடலிலேயே 300 வந்துவிட்டது.

திரைக்குள் நுண்ணிய குமிழ்களில் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இருக்கின்றன. மின்னழுத்தம் மாறும்போது ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். ஒரு பக்கம் உருவான பிறகு அதை நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டாம். வெளியிலிருந்து விழும் ஒளியையே காகிதம் போலத் திருப்பிக் காட்டுவதால், மொட்டைமாடி வெயிலிலும் எழுத்து வெளிறுவதில்லை. இரவில் எரியும் விளக்கும் ஓரத்திலிருந்து திரைமேல் படர்கிற வெளிச்சமே; கைப்பேசியைப் போலப் பின்னாலிருந்து கண்ணில் அடிப்பதில்லை. வெதுவெதுப்பான மஞ்சள் ஒளியைச் சற்றுக் கூட்டி, வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே வைத்துக்கொண்டால் படுக்கையில் படிக்க அருமையாக இருக்கும்.

பேட்டரி பத்து வாரம் வரும் என்கிறது விளம்பரம். அந்தக் கணக்கு நாளுக்கு அரை மணி நேர வாசிப்புக்கானது. வைஃபையும் அணைத்திருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் 35 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் படிப்பவருக்கு இரண்டரை வாரம்தான், அதுவே நிறைவு. ஆனால் நூறு புத்தகங்களை ஒரே மூச்சில் ஏற்றினால் அன்றைக்குப் பேட்டரி விறுவிறுவென்று இறங்கும். தேடலுக்காக ஒவ்வொரு சொல்லையும் கருவி அட்டவணைப்படுத்துவதுதான் காரணம். ஏதாவது ஒரு கோப்பு பழுதாகியிருந்தால் அந்த வேலை அதிலேயே சிக்கிக்கொண்டு நாள்கணக்கில் சார்ஜைத் தின்னும். முகப்புத் தேடலில் எந்தப் புத்தகத்திலும் வராத எழுத்துக்கோவை ஒன்றை அடித்துப் பாருங்கள். இன்னும் அட்டவணையில் ஏறாத நூல்களின் பட்டியல் வரும். மறுநாளும் அதே பெயர் நின்றால் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுவதே தீர்வு.

இனி புத்தகங்கள். எது சட்டப்படி இலவசம் என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் உண்டு. இந்தியாவில் எழுத்தாளர் காலமான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. 1965-ல் மறைந்தவரின் நூல்கள் 2026 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் பொது. இலங்கையில் இது 70 ஆண்டுகள். தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு: அரசு குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்குவது. மூன்றாவது, மற்றவர்கள் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளரே வெளியிடுவது. டெலிகிராமில் சுற்றும் புது நாவல்களின் பிடிஎஃப் இந்த மூன்றிலும் சேராது. விற்பனையை நம்பி ஆயிரம் பிரதி, ஐந்நூறு பிரதி என்று அச்சடிக்கும் பதிப்பகங்களை அது நேரடியாகக் கொல்கிறது. முறையாகக் கிடைப்பதையே படித்து முடிக்க ஒரு ஆயுள் போதாது என்பதால் அந்தப் பக்கம் போகத் தேவையே இல்லை.

எடுத்த எடுப்பில் போக வேண்டிய இடம் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். கணியம் அறக்கட்டளை நடத்துவது. கட்டுரை, சிறுகதை, பயணம், கணினி என எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கும். இபப், மோபி (கிண்டிலின் பழைய வடிவம்), ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவங்கள் கொடுக்கிறார்கள். இபப்பை எடுங்கள். 6 அங்குல பிடிஎஃப் எந்தக் கருவியிலும் எழுத்து உடையாமல் வரும், ஆனால் எழுத்தளவை மாற்ற முடியாது.

பழந்தமிழுக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வப் பணி அது. சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்தபடி முனைவர் கல்யாணசுந்தரம் வழிநடத்தியது. கோப்பின் தலையில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். மெய்ப்புப் பார்த்த உரை என்பதால் நம்பி எடுக்கலாம். பிடிஎஃப் ஏ4 அளவில் இருப்பதால் அதை விட்டுவிட்டு வலைப்பக்கத்தையே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து, மின்னூல்களை மாற்றவும் திருத்தவும் உதவும் காலிபர் என்ற இலவச மென்பொருளில் இழுத்துப் போட்டு இபப்பாக மாற்றுங்கள். ஒரு சிக்கல் வரும்: பல கோப்புகளில் அத்தியாயத் தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாகவே இருப்பதால் பொருளடக்கம் உருவாகாது. காலிபரின் திருத்தியில் அந்த வரிகளைத் தலைப்பாகக் குறித்துவிட்டு, பொருளடக்கத்தை மறுபடி உருவாக்கச் சொன்னால் சரியாகிவிடும்.

நாட்டுடைமை நூல்களுக்குத் தமிழ் விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய 2000-க்கும் மேற்பட்ட நூல்கள் இங்கே எழுத்துணரி (பக்கப் படத்தை உரையாக்கும் மென்பொருள்) வழியாக உரையாகி வருகின்றன. பதிவிறக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறம் உண்டு: சிவப்பு என்றால் மெய்ப்புப் பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்தது, பச்சை என்றால் இருவர் பார்த்தது. மஞ்சளும் பச்சையுமாக இருக்கும் நூலை இபப்பாக இறக்கினால் அப்படியே படிக்கலாம். சிவப்பு நிறைந்த நூலை விட்டுவிடுங்கள். வரிக்கு ஒரு பிழை இருக்கும்.

ஈழத்து நூல்கள், பழைய இதழ்களுக்கு 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தை மிஞ்சியது இல்லை. கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் பெருங்கடல். ஆனால் மூன்றிலும் பெரும்பாலானவை ஒளிவருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்கள். ஆர்க்கைவில் தமிழ் நூலுக்குத் தானாக உருவான இபப் இருந்தால் தொட வேண்டாம், பிடிஎஃப்பையே எடுங்கள். ஆங்கிலச் செவ்வியல் நூல்களுக்கு 1971-ல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம். அதே நூல்களை அழகாக அச்சுக்கோத்துத் தருகிறது ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ். சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேசிய நூலக வாரிய உறுப்பினர் கணக்கை வைத்து லிபி செயலியில் தமிழ் மின்னூல்களை இரவல் வாங்கலாம்.

கருவியில் ஏற்ற இரண்டு வழிகள். அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ வலைப்பக்கத்தில் 200 எம்பி வரை இழுத்துப் போடலாம். மின்னஞ்சலில் 50 எம்பி. மின்னஞ்சலில் அனுப்பியது வரவில்லை என்றால் பெரும்பாலும் அனுப்புநர் முகவரியை அமேசான் கணக்கின் அனுமதிப் பட்டியலில் சேர்க்காததே காரணம். மோபியை இந்த வழி இப்போது ஏற்பதில்லை, இபப்பையே அனுப்ப வேண்டும். இப்படி அனுப்பினால் கைப்பேசியில் விட்ட பக்கத்திலிருந்து கிண்டிலில் தொடரலாம்.

இதில் தமிழுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. இபப்புக்குள் இருக்கும் பக்கங்களின் முதல் வரியில் ‘இது யுடிஎஃப்-8’ (ஒருங்குறி உரையைச் சேமிக்கும் முறை) என்ற அறிவிப்பு விடுபட்டிருந்தால், அமேசானின் மாற்றி அதை மேற்கு ஐரோப்பியக் குறியீடாக எடுத்துக்கொள்ளும். ஆங்கில நூலில் மேற்கோள் குறிகள் மட்டும் கெடும். தமிழ் நூலில் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை கிறுக்கலாகிவிடும். கருவி பழுது என்று நினைத்துவிட வேண்டாம். காலிபரில் இபப்பிலிருந்து இபப்புக்கே ஒருமுறை மாற்றினால் அந்த அறிவிப்பு தானாகச் சேர்ந்துவிடும். அனுப்பும்போது இ999 என்ற பிழை காட்டும் கோப்புகளுக்கும் பெரும்பாலும் இதே மருந்து பலிக்கிறது. மாற்றும்போது மொழி என்ற இடத்தில் தமிழ் என்று போடுங்கள். பல இலவச நூல்களில் அது ஆங்கிலம் என்றே இருக்கும், அப்போது எழுத்துரு, அகராதி இரண்டும் தவறாக வரும்.

இரண்டாவது வழி யுஎஸ்பி கம்பி. பிடித்த எழுத்துருவோடு படிக்க விரும்புவோருக்கு இதுதான். காலிபரின் மாற்றும் பலகையில் தோற்றம் பகுதிக்குப் போய் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற எழுத்துருவைப் புத்தகத்துக்குள்ளேயே பதித்து, கிண்டிலின் சொந்த வடிவமான ஏஇசட்டபிள்யூ3-ஆக மாற்றி ஏற்றுங்கள். கிண்டிலில் பதிப்பாளர் எழுத்துரு என்பதைத் தேர்ந்தால் அது வரும். மெல்லிய கோடுள்ள எழுத்துரு இந்தத் திரையில் சாம்பலாகத் தெரியும். சற்றே தடித்ததுதான் கண்ணுக்கு உகந்தது. 2024 மாடல்கள் யுஎஸ்பியில் பென்டிரைவ் போலத் தெரிவதில்லை, கைப்பேசியைப் போல எம்டிபி முறையில் இணைகின்றன. மேக் கணினியில் அதற்குத் தனிச் செயலி தேவை.

வரிகளை இருபுறமும் சமப்படுத்துவதை அணைத்துவிடுங்கள். தமிழில் ‘கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ போன்ற நீண்ட சொற்கள் அடுத்த வரிக்குத் தாவும்போது மேல் வரியில் சொற்களுக்கு நடுவே பெரிய பள்ளங்கள் விழும். இடப்பக்கச் சீர்மை வைத்தால் வாசிப்பு சீராக ஓடும். செய்யுளுக்கு இன்னும் கவனம் வேண்டும். நாற்சீரடி ஒன்று திரைக்குள் முழுதாக அடங்கும் அளவுக்கு எழுத்தைக் குறையுங்கள், அல்லது கருவியைப் படுக்கவாட்டில் திருப்புங்கள். அடி உடைந்து கடைசிச் சீர் தனி வரியில் தொங்கினால் எதுகை மோனை கண்ணில் படாது. சங்கப் பாடல் கோப்புகளில் ஐந்தடிக்கு ஒருமுறை ஓரத்தில் வரும் எண்களும் இப்படித்தான் உடைந்து வரிக்கு நடுவே வந்து நிற்கும், திருத்தியில் நீக்கிவிடலாம்.

பத்து நிமிடம் ஒதுக்கினால் ஒரு புத்தகத்தின் தரத்தையே உயர்த்தலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் ‘அவர்’ என்பதில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து ‘அவா்’ என்று இருக்கும். பார்வைக்குத் தெரியாது, ஆனால் தேடினால் கிடைக்காது, சில எழுத்துருக்களில் புள்ளி விலகி நிற்கும். துணைக்காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால் ‘ா்’ எல்லாவற்றையும் ‘ர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாக இருக்கும் ஒகரத்தை ஒரே குறியீடாக மாற்றுவதும் இப்படியே. ஆனால் ‘கெளரவம்’ போன்றவற்றில் கொம்போடு ‘ள’ போட்டு ஔகாரம் எழுதியிருப்பதை மொத்தமாக மாற்றவே கூடாது. ‘வெளி’யும் ‘தெளிவு’ம் சேர்ந்து நாசமாகும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பிடிஎஃப்பைக் காலிபரில் இபப்பாக மாற்றும் முயற்சி தமிழில் வீண். உயிர்மெய்க் குறிகள் இடம் மாறிச் சிதறும். டிஸ்கி, பாமினி போன்ற பழைய குறியீட்டில் அமைத்த பிடிஎஃப் என்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். அதை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற குறியீடு மாற்றியில் போட வேண்டும். ஒளிவருடிய நூல் சிறியதாக இருந்தால் சில பக்கங்களாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழை நன்றாகவே எழுத்தாக்கிக் கொடுக்கும். அடிக்குறிப்புகள் மட்டும் உரையோடு கலந்துவிடும்.

பெரிய நூலைப் படமாகவே படிக்க வேண்டியதுதான். இங்கே அளவு கணக்கு உதவும். 6.8 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 10.4 சென்டிமீட்டர். கிரௌன் 1×8 எனப்படும் சிறிய அச்சு அளவு நூலில் ஓரங்களைக் கழித்தால் எழுத்துப் பகுதியின் அகலம் திரைக்குள் அசல் அளவிலேயே அடங்கும். அதைவிடச் சற்றுப் பெரிய டெம்மி 1×8 சற்றே சுருங்கும், படிக்கலாம். ஏ4 என்றால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும், கண் வலிக்கும். எனவே ஓரம் வெட்டுவதே முக்கிய வேலை. பிரிஸ் என்ற இலவச மென்பொருள் எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டும். ஒரு பெட்டி வரைந்து வெட்டிவிடலாம். கே2பிடிஎஃப்ஆப்ட் இன்னும் ஒருபடி மேலே போய்ப் பக்கத்தைத் திரை அகலத்துக்குப் பொருத்திப் பாதிப்பாதியாகப் பிரித்தும் தரும். அதில் சொற்களை வெட்டி மறுபடி அடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பழைய அச்சில் சொல் இடைவெளி சீராக இல்லாததால் எழுத்துகளையே பிளந்துவிடும். படப் பக்கங்களில் முந்தைய பக்கத்தின் நிழல் தங்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் திரையைப் புதுப்பிக்கும் அமைப்பைப் போட்டால் போய்விடும்.

திரையில் மேலே கீறலே இல்லாமல் உள்ளடுக்கு மட்டும் உடைவதுண்டு. நெரிசலான பேருந்தில் பையை அழுத்தினாலே போதும். கோடுகள் விழுந்த இடம் திரும்ப வராது, திரை மாற்றும் செலவு கருவி விலையைத் தொடும். கெட்டி அட்டை உறை கட்டாயம் தேவை. திருத்திய கோப்புகளின் பிரதியைக் காலிபர் நூலகக் கோப்புறையிலும் வேறொரு வட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்; யுஎஸ்பி வழி ஏற்றியவை அமேசானின் மேகக் கணக்கில் சேர்வதில்லை.