எம்ஜிபி மீட்டெடுப்பு: எந்தக் கடையில் எதை வாங்கலாம்?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி வாங்கியவருக்கு முதலில் இன்ஜினைப் பிரிக்கத்தான் கை பரபரக்கும். அவசரமே இல்லை. அந்த 1,798 சிசி பி-சீரிஸ் இன்ஜினுக்கு எல்லா பாகமும் கிடைக்கும். வண்டியைத் தின்பது துரு. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இந்தக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது. பாடியின் பலம் கதவுக்குக் கீழே ஓடும் சில்களில் இருக்கிறது.

பேனலுக்கு, அதாவது பாடித் தகடுகளுக்கு, என் ஓட்டு இங்கிலாந்தின் விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜுக்குத்தான். ஆலையில் தகடுகளை அழுத்தி வடித்த பழைய டைகளை மீட்டு, 1988 முதல் முழு பாடி ஷெல்லே விற்கிறார்கள். விலை கடிக்கும். ஆனால் மலிவுப் பேனலில் மிச்சம் பிடித்த காசு, அதை வெட்டி வளைத்து பட்டி பூசும் கூலியில் கரைந்துவிடும்.

வெளிச் சில்லை மட்டும் வாங்கிப் பயனில்லை. நடுத் தகடு, உள் சில், அடியில் காசில் ரெயில் எல்லாம் சேர்ந்து பெட்டிபோல் அமைந்ததுதான் முழுச் சில். வெளிச் சில்லின் முனைகள் முன், பின் ஃபெண்டர்களுக்குள் மறைந்திருக்கும். கண்ணில் படும் நீளத்தை மட்டும் மாற்றினால் துரு உள்ளே அப்படியே இருக்கும். முன் ஃபெண்டரைக் கழற்றி, பின் ஃபெண்டரின் அடிப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டும் முன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய் வெல்ட் செய்யுங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் கூரையில்லாத ரோட்ஸ்டர் நடுவில் தொய்ந்து கதவு சாத்தாது.

சில்லறை பாகங்களுக்கு மாஸ் என்ற கடை. அவர்களுடைய கேட்டலாக் படங்களில் வாஷர் வரை எண் போட்டிருக்கும். ஆர்டருக்கு முன் இன்ஜின் எண்ணைப் பாருங்கள்: 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்று; 1964-இல் வந்த 18ஜிபி முதல் ஐந்து. கிராங்க் பேரிங் செட் மாறி வந்தால் தப்பு கடை மேல் இல்லை.

இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தரும் ஹெரிடேஜ் சான்றிதழில் உங்கள் கார் தயாரான தேதி, ஆலையில் பூட்டிய இன்ஜினின் எண், பெயின்ட் நிறம் இருக்கும். பெயின்ட் அடிக்கும் முன் வாங்குங்கள். அடித்த பிறகு வாங்கினால் வயிற்றெரிச்சல்தான்.

காரின் எஸ்யூ கார்புரேட்டருக்கு சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம். ஐடில் நிலைக்கவில்லை என்றால் கேஸ்கெட் கிட்டோடு நிறுத்தாதீர்கள். த்ராட்டில் தகடு திரும்பும் அச்சான ஸ்பிண்டில் தேய்ந்து அந்த வழியாகக் காற்று இழுக்கும். ஸ்பிண்டில் ஆடினால் அதையும் மாற்றுங்கள். அதே ஆர்டரில் எத்தனால் தாங்கும் ஆர்9 தரப் பெட்ரோல் ஹோஸும் போடலாம். 10% வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோலில் பழைய ரப்பர் வெடித்துக் கசியும்.