மூடி போட்டீங்களா?

போன கிழமை என் பழைய பிலிம் கமராவுக்கு மறுபடியும் பற்றரி மாற்றினேன். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுப் பல வருஷம்.

மட்டக்களப்புச் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்கு. இரவு. வெளிவீதியில் அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்குகிறார்கள். நெருப்பு வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது, முதுகுப் பக்கம் கும்மிருட்டு. இந்த மாதிரி வெளிச்சத்தில்தான் கமராவுக்குள் இருக்கிற, வெளிச்சம் அளக்கிற மீற்றரைக் கேட்டே ஆகவேண்டும். கண்ணில் வைத்தேன். மீற்றர் முள் அசையவில்லை, பற்றரி செத்துவிட்டது. காரணம் தேடிப் போகத் தேவையில்லை. சித்திரை வருஷத்துக்கு வந்த மருமகன், "மாமா, ஒருக்காப் பாக்கட்டா?" என்று கேட்டான், பார்த்தான், லென்ஸ் மூடியை மேசையிலும் கமராவை அலுமாரிக்கு மேலும் வைத்துவிட்டுப் போய்விட்டான். அலுமாரிக்கு நேரே யன்னல். ஒரு மாதத்துக்கு மேலாக என்னுடைய பென்டாக்ஸ் கே1000, யன்னலுக்கு வெளியே நிற்கிற முருங்கை மரத்தின் வெளிச்சத்தை விடிந்தது முதல் பொழுதுபடும் வரை அளந்துகொண்டே இருந்திருக்கிறது. யாரும் கேட்காமல்.

அன்றைக்குப் பார்த்துக் கல்முனையில் இருந்து கூட்டாளியின் செய்தி. "மச்சான், மகன் பிலிம் கமரா வேணுமெண்டு ஒத்தக் கால்ல நிக்கான். கே1000 ஒண்டு கொழும்புல விலைக்கு வந்திருக்காம். வாங்கலாமா வேணாமா, ஒரு சொல்லுச் சொல்லு."

ஒரு சொல்லில் சொல்ல முடியாததால்தான் இவ்வளவு நீளத்துக்கு எழுதுகிறேன்.

கமராவின் விபரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1976-ல் வந்தது, 1997 வரை செய்தார்கள், முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது, உலகத்தில் பாதிப்பேர் படம் பிடிக்கப் படித்தது இதில்தான் என்பார்கள். நான் வாங்கியது 1998-ல். வாங்கியது என்றும் சொல்ல முடியாது. மட்டக்களப்பு டவுணில் ஒரு ஸ்ரூடியோவில் நாலு வருஷம் வேலை பழகினேன். கடைசி ஆறு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக முதலாளி இதைக் கையில் தந்தார். நட்டமா லாபமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

இந்தக் கமராவில் மீற்றரை நிறுத்த ஒரு ஸ்விட்ச் இல்லை. அவ்வளவுதான் என் வழக்கு. லென்சுக்குள் வெளிச்சம் போனால் மீற்றர் வேலை செய்யும், போகாவிட்டால் தூங்கும். ஆகவே லென்ஸ் மூடிதான் ஸ்விட்ச். உள்ளே இருப்பது காட்மியம் சல்பைட்டில் செய்த செல். வெளிச்சம் பட்டால் மின்சாரத்தை விடும், இருட்டில் கிட்டத்தட்ட முழுதாக மறிக்கும். யோசித்துப் பார்த்தால் கெட்டித்தனமான ஏற்பாடு. ஒரு ஸ்விட்சின் காசு மிச்சம். ஆனால் அந்தக் கெட்டித்தனத்தின் பாரம் முழுவதும் ஒரு துண்டு பிளாஸ்ரிக்கின் தலையில். அந்தத் துண்டோ கமராவில் கட்டப்படாதது.

என்னுடைய முதல் மூடி கல்லடிப் பாலத்தில் போனது. பழைய இரும்புப் பாலம், அந்தக் காலத்தில் எல்லா வாகனமும் அதில்தான். எதிரே பஸ் வர, சைக்கிளோடு கம்பியில் ஒட்டி நின்றேன். மூடி சேட்டுப் பொக்கற்றில் இருந்தது. குனிந்தேன். தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பௌர்ணமி இரவில் அந்தப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள். பாடட்டும். 49 மில்லிமீற்றர் மூடி ஒன்று அதுகளிடம் இருக்கிறது.

அந்த நாளில் இங்கே 49-க்கு மூடி தேடுவது நடக்கிற காரியம் இல்லை. அம்மா பழைய குடைத்துணியை வெட்டி, இலாஸ்ரிக் வைத்து, லென்சுக்கு ஒரு தொப்பி தைத்துத் தந்தா. பார்க்க நல்ல வடிவு. மூன்று மாதத்தில் பற்றரி செத்தது. மாற்றினேன், மறுபடி செத்தது. ஒருநாள் மத்தியானம் முற்றத்தில் நின்று, தொப்பியோடேயே கண்ணில் வைத்துப் பார்த்தேன். முள் மெல்ல எழும்புகிறது! குடைத்துணி மழைக்குத்தான் மறைப்பு, வெயிலுக்கு இல்லை. அம்மா அடுத்த தடவை உள்ளே கறுப்பு றெக்சின் வைத்துத் தைத்தா. அதற்குப் பிறகும் சின்னதாக ஒரு ஒழுக்கு. மீற்றரின் செல்கள் கண் வைக்கிற துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பின்னாலிருந்து வருகிற வெளிச்சத்தையும் அவை பிடித்துக்கொள்ளும். அதாவது மூடி போட்டாலும் கமராவைப் பைக்குள் வைக்க வேண்டும். என் மனிசி இரவில் காஸ் பூட்டியாச்சா என்று கேட்கமாட்டா. "மூடி போட்டீங்களா?" என்றுதான் கேட்பா.

நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். பற்றரி செத்தாலும் இந்தக் கமரா சாகாது. பிலிமுக்கு முன்னால் திறந்து மூடுகிற சட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுகிறது. ஒரு செக்கனில் இருந்து ஆயிரத்தில் ஒரு செக்கன் வரைக்கும் எல்லா வேகமும் பற்றரி இல்லாமலே வரும். எல்ஆர்44 என்கிற அந்தப் பொத்தான் பற்றரி முள்ளை ஆட்டுவதற்கு மட்டும். சண்டை நடந்து, செக்பொயின்ற்றில் சாதாரண ரோர்ச் பற்றரிக்கே விளக்கம் சொல்லவேண்டியிருந்த காலத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கலியாண வீட்டுப் படம் எடுக்க இதைத்தான் கொண்டு போவேன். பற்றரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு.

மீற்றர் இல்லாமல் எடுப்பதற்குச் சூத்திரம் முதலாளி சொல்லித்தந்தது. நல்ல வெயிலில் லென்சின் துவாரத்தை எஃப்/16-ல் வை, பிலிமின் வேகம் எவ்வளவோ சட்டரையும் கிட்டத்தட்ட அவ்வளவில் வை. 400 பிலிம் என்றால் ஐந்நூறில் ஒரு செக்கன். "மீற்றர் கல்லடி மணலப் பாத்தா ஏமாந்துபோகும் மனே, நீ ஏமாறாத" என்பார். மெய்தான். இந்த மீற்றர் படம் முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்க்கிற மீற்றர். வெள்ளை மணலைச் சாம்பலாக்கி, நடுவில் நிற்கிற மீனவனைக் கரியாக்கிவிடும். ஆக, பகலில் அது தேவையில்லை, கடற்கரையில் அதை நம்ப ஏலாது. இரவில் தேவைப்படும்போது பற்றரி இருக்காது. இப்படி ஒரு மீற்றருக்காக நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக மூடி தேடுகிறேன்.

கூட்டாளியின் மகனுக்கு இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று சொல்லவேண்டும். கமரா சின்னச் செலவு. கழுவுகிறதுதான் சீவியம்.

புத்தகத்தில் எல்லாம் 20 பாகை என்று போட்டிருக்கும். படத்தை எழுப்புகிற டி-76 மருந்தை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, எச்பி5 என்கிற கறுப்பு வெள்ளை பிலிமை 20 பாகையில் 11 நிமிடம். மட்டக்களப்பில் பைப்பைத் திறந்தால் வருகிற தண்ணீரே 29, 30. மருந்துக்குச் சூடு ஏற ஏற வேகமும் ஏறும், நேரத்தைக் குறைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாக வரும். ஸ்ரூடியோவில் இதற்கு வழி ஐஸ். மீன் வாடியில் இருந்து உமல் பையில் சுற்றிவரும் ஐஸ் கட்டி. அதைப் பொலித்தீனில் கட்டிப் பேசினுக்குள் போட்டு, நடுவில் மருந்துப் போத்தலை வைப்போம். பொலித்தீன் கிழிந்தால் இருட்டறை முழுக்கச் சூரை மீன் வாடை. ஒரு தடவை அப்படிக் கழுவின கலியாண அல்பத்தை மாப்பிள்ளை வீட்டார் மோந்து பார்த்தது எனக்கு ஞாபகம். படத்தில் வாடை வராது என்று முதலாளி சத்தியம் பண்ணினார்.

வீட்டில் நான் கண்டுபிடித்தது மண்பானை. கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் இரவு முழுக்கப் பானையை வெளித் திண்ணையில் வைத்தால் விடியப்புறம் நாலு மணிக்குத் தண்ணீர் 26-க்கு இறங்கியிருக்கும். காற்று எவ்வளவு காய்ந்ததோ பானை அவ்வளவு குளிரும். 26-ல் ஏறக்குறைய ஏழு நிமிடம் போதும். நெகடிவ் சுத்தமாக வரும். மாரியில் காற்றே ஈரம், பானை குளிராது, ஆனால் அப்போது தண்ணீரே கொஞ்சம் குளிர். மருந்தை நிறுத்துவதற்குக் கடை வினாகிரி, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். பிறகு படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ. கடைசிக் கழுவலுக்கு எங்கள் கிணறு உதவாது, உப்பு; காய்ந்த பிறகு பிலிமில் வெள்ளைப் பொட்டாக நிற்கும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருப்பேன்.

எல்லாரும் இருட்டறை என்றால் சிவப்பு வெளிச்சத்தில் கடதாசியில் படம் எழும்புகிற அழகை எழுதுவார்கள். நான் எழுதப்போவது வியர்வையை. பிலிமைக் கழுவுகிற தொட்டியின் சுருளில் ஏற்றுவது முழு இருட்டில், சிவப்பு பல்ப்கூடக் கூடாது. கதவு பூட்டி, இடுக்கெல்லாம் துணி அடைத்து, ஃபான் போட்டால் தூசி பறக்கும் என்று அதையும் நிறுத்தி, இரண்டு கையாலும் பிலிமைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிளாஸ்ரிக் சுருளில் ஒரு துளி ஈரம் பட்டாலும் பிலிம் பாதியில் ஒட்டிக்கொள்ளும், முன்னுக்கும் போகாது பின்னுக்கும் வராது. மூக்கில் நுளம்பு. அடிக்கக் கை இல்லை. ஒரு தடவை முக்கால் மணித்தியாலம் அப்படி நின்றேன், வெளியே தங்கச்சி, "அண்ணா, உயிரோட இரிக்கீங்களா?" என்று கேட்டா. அந்த றோலில் கடைசி எட்டுப் படத்திலும் பிறை வடிவில் கறுப்பு மடிப்பு. அதில் ஒன்று அப்பாவின் படம். காதுக்குப் பக்கத்தில் அந்தப் பிறை. நான் எடுத்ததில் நல்ல படம் அதுதான், பிறையோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்ரூடியோவில் முகத்தின் பருவையும் தழும்பையும் மறைப்பது பென்சிலால். நெகடிவைக் கண்ணாடி மேசையில் வைத்து, கூராகச் சீவின பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்போம். நெகடிவில் பென்சில் கறுப்பு, பிறின்ற்றில் அது வெள்ளையாகும். கூடினால் முகம் மாவு பூசின மாதிரி. அடையாள அட்டைப் படத்தில் மட்டும் முதலாளி பென்சில் வைக்க விடமாட்டார். "செக்பொயின்ற்ல முகத்தையும் படத்தையும் ஒத்துப் பாப்பான், ஒரு மறு குறைஞ்சாலும் பொடியனுக்குத்தான் கஷ்டம்" என்பார்.

நான் எடுத்த அந்தக் கால நெகடிவ்கள் எதுவும் இன்று என்னிடம் இல்லை. கல்லடியில் எங்கள் வீடு கடல் பக்கம். 2004 மார்கழி 26. நாங்கள் தப்பினோம், பிஸ்கற் ரின்னில் இருந்த நெகடிவ்கள் போயின. கமரா மட்டும் வீட்டில் இல்லை. பற்றரி ஒழுகி, அடித்தட்டு மூடி இறுகி, சில்லறைக் காசால் திருக முடியாமல் வெள்ளிக்கிழமை டவுணில் மணிக்கூட்டுக் கடையில் கொடுத்திருந்தேன். இதற்கு மேல் இதைப்பற்றி எழுத விருப்பமில்லை.

திருத்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சம் புகாமல் பின்கதவில் ஒட்டியிருக்கிற பஞ்சு, எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் கரைந்து தாராக ஒழுகும். விரலில் பட்டால் இரண்டு நாள் போகாது. நான் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூல் வைத்திருக்கிறேன், பத்து வருஷமாக ஒரு பிரச்சினையும் இல்லை. லென்சில் பங்கசு பிடிக்கும். மாரி தொடங்க முன்னம் பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா மணிகளோடு அடைத்துவிட வேண்டும். மற்றப்படி இந்தக் கமராவில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. சட்டர் சத்தம் வாங்கின நாளில் எப்படியோ அப்படியே, மரக்கதவு சாத்துகிற மாதிரி.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் நாலரை தருவேன். அரை, ஸ்விட்சுக்கு.

ஆனால் கூட்டாளிக்கு "வேணாம்" என்றுதான் பதில் போட்டேன். பிலிம் விற்கிற விலையில் ஒரு றோலுக்கு வீட்டுக்கு ஒரு கிழமை மீன் வாங்கலாம். 2024-ல் பென்டாக்ஸே புதிதாக 17 என்று ஒரு பிலிம் கமரா விட்டிருக்கிறது, 36 படச் சுருளில் 72 எடுக்கும். ஆனால் வந்தபோதே விலை 500 டொலர், பற்றரி இல்லாமல் அது ஒரு கல். அதுவும் வேண்டாம். போனிலேயே எடுக்கட்டும், பிள்ளை படிக்கிற வயசு, விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பினால் மண்பானையைப் பார்க்கவா, பாடத்தைப் பார்க்கவா? இப்படியெல்லாம் நீட்டி எழுதினேன். சடங்கில் எடுக்க முடியாமல் போன படங்கள் மனதில் இருந்தன என்பதை மறைக்கவில்லை.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "மச்சான், அவன் காச அனுப்பிட்டானாம். மூடி இல்லையாம். என்ன சைஸ்?"

லென்சின் முன் வளையத்தில் 50 என்று போட்டிருக்கா, 55 என்று போட்டிருக்கா பார்த்துச் சொல் என்றேன். 50, எஃப்/2 என்றால் 49. பழைய 55, எஃப்/2 என்றால் 52.

50 என்றான். எழும்பிப் போய் வீட்டில் பழைய குடை இருக்கிறதா என்று மனிசியிடம் கேட்டேன்.