அலெக்சாண்ட்ரா பேலஸில் உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப்: ஒரு மதிப்புரை

டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை வடக்கு லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸில் நடைபெறும் உலக டார்ட்ஸ் சாம்பியன்ஷிப்பை, ஆட்டமாக மட்டும் எடுத்துக்கொண்டால், இன்று நான் பார்க்கும் தொழில்முறைப் போட்டிகளில் மிக நேர்த்தியாக வகுக்கப்பட்டவற்றுள் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். அரங்கில் அமர்ந்து பார்க்கும் அனுபவத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. நுழைவுச்சீட்டின் விலையைக் கொடுப்பதற்கு முன் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

ஆட்டத்தின் விதி எளிது. டார்ட் எனப்படும் சிறு அம்புகளை, ஒரு முறைக்கு மூன்றாக, வட்டப் பலகையில் எறிய வேண்டும். 501 புள்ளிகளிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகச் சுழியத்தில் முடிக்க வேண்டும்; முடிக்கும் டார்ட், இருமடங்குப் புள்ளி தரும் டபுள் எனப்படும் வெளிவளையத்திலோ பலகையின் நடுமையத்திலோ தைக்க வேண்டும். எறிகோட்டிலிருந்து பலகை 2.37 மீட்டர் தொலைவில் இருக்கிறது. டபுள் வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர்தான். பெரும்பாலோர் குறிவைக்கும் 20க்கு இடப்புறம் 5, வலப்புறம் 1 என்று எண்கள் அடுக்கப்பட்டிருப்பதால், சிறிது பிசகினாலும் தண்டனை உடனே கிடைத்துவிடுகிறது. முதல் டார்ட், மும்மடங்குப் புள்ளி தரும் உள்வளையத்தில் உள்ள டிரிபிள் 20இன் வாயை மறித்தபடி சாய்ந்து நின்றுவிட்டால், ஆட்டக்காரர் அடுத்த டார்ட்டைக் கீழே டிரிபிள் 19க்கு மாற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு நொடிக்குள் எடுக்கப்படும் அந்த முடிவில்தான் இந்த விளையாட்டின் அறிவு இருக்கிறது.

இந்தப் போட்டியை மற்ற டார்ட்ஸ் போட்டிகளிலிருந்து உயர்த்துவது செட் முறை. 501இலிருந்து சுழியம் வரை ஆடும் ஓர் ஆட்டம் ஒரு லெக்; மூன்று லெக் வென்றால் ஒரு செட். முதல் சுற்றில் மூன்று செட் வென்றால் போதும், இறுதியாட்டத்தில் ஏழு செட் வெல்ல வேண்டும். லெக்கை முதலில் தொடங்குபவருக்குச் சாதகம் உண்டு, அந்த வாய்ப்பு மாறி மாறி வருகிறது. ஆகவே இருவரும் தத்தம் லெக்கைக் காத்துக்கொண்டால், செட்டைத் தொடங்கியவர் ஐந்தாவது லெக்கில் அதை எடுத்துவிடுவார். எதிராளியின் லெக் ஒன்றைப் பறித்தாக வேண்டிய இந்த நெருக்கடி ஒவ்வொரு செட்டிலும் புதிதாகப் பிறக்கிறது. மொத்தத்தில் அதிக லெக் வென்றவர்கூடத் தோற்றுப்போகலாம் என்பதை அநியாயம் என்று சிலர் குறைகூறுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சராசரியாக நன்றாக எறிவது ஒரு திறமை என்றால், வேண்டிய நேரத்தில் வேண்டிய டபுளை அடிப்பது அதைவிடப் பெரிய திறமை.

2023 இறுதியாட்டத்தின் இரண்டாம் செட்டைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். 501ஐ முடிக்கக் குறைந்தது ஒன்பது டார்ட்டுகள் வேண்டும். மைக்கேல் வான் கெர்வன் எட்டு டார்ட்டுகளைப் பிழையின்றி எறிந்துவிட்டு, ஒன்பதாவதை டபுள் 12இல் தவறவிட்டார். அதே லெக்கில் இரண்டு முறை 180 (மூன்று டார்ட்டும் டிரிபிள் 20) எடுத்திருந்த மைக்கேல் ஸ்மித் எறிகோட்டுக்கு வந்து, மீதமிருந்த 141ஐ டிரிபிள் 20, டிரிபிள் 19, டபுள் 12 என்று முடித்தார். எதிராளி தவறவிட்ட அதே டபுளில் தைத்த அந்த ஒரு டார்ட்டுக்காகவே இந்தப் போட்டியை ஆண்டுதோறும் பார்க்கலாம். அன்று ஸ்மித் 7-4 என்று பட்டம் வென்றார்.

இனி அரங்கு. மேடைக்கு முன்னே நீண்ட மேசைகளும், பின்னே படிவரிசை இருக்கைகளும் போடப்பட்டிருக்கின்றன. மேசைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் மாறுவேடமிட்டு, பீர்க் குவளைகளோடு, 180 என்று அச்சிட்ட அட்டைகளைத் தூக்கிப் பிடித்துப் பாடிக்கொண்டிருப்பார்கள். பலகையில் டார்ட் எங்கே தைத்தது என்பதை வெறுங்கண்ணால் காண முடியாது; பெருந்திரையைத்தான் நம்ப வேண்டும். போட்டியை இதே கட்டடத்தின் கிரேட் ஹாலுக்கு மாற்றி, 5,000 பேருக்கு மேல் அமரச் செய்யப்போவதாக அறிவித்திருக்கிறார்கள். மேடை இன்னும் தொலைவாகிவிடும் என்பதே என் கவலை.

கூட்டத்தின் ஆரவாரம் இந்தப் போட்டியின் உயிர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2019 டிசம்பரில் ஃபாலன் ஷெராக், டெட் எவெட்ஸை 3-2 என்று வென்று, இந்தப் போட்டியில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் பெண்ணானபோது, அரங்கு முழுவதும் அவர் பக்கம் நின்றது. ஆனால், பிடிக்காத ஆட்டக்காரர் டபுளுக்குக் குறிவைக்கும் நேரம் பார்த்துச் சீழ்க்கையடிப்பது ஆதரவும் அல்ல, கொண்டாட்டமும் அல்ல. ரசிகர்கள் இல்லாத அரங்கில் 2021இல் உலகப் பட்டம் வென்ற கெர்வின் பிரைஸ், 2023 காலிறுதியில் கேப்ரியல் கிளெமென்ஸுக்கு எதிராகக் காதை மூடும் தடுப்பான் அணிந்து ஆட நேர்ந்தது. 5-1 என்று தோற்றார். கிளெமென்ஸ் அன்று சிறப்பாகவே ஆடினார், அதில் ஐயமில்லை. இருந்தாலும், சீழ்க்கையடிப்பவர்களை வெளியேற்றும் துணிவு அமைப்பாளர்களுக்கு வர வேண்டும். நுழைவுச்சீட்டு விற்றுத் தீர்ந்துவிடும் போட்டி இது. சிலரை இழப்பதால் அதற்கு எந்த நட்டமும் இல்லை.

2026 போட்டியில் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை 96இலிருந்து 128 ஆனது. மொத்தப் பரிசுத்தொகை 50 லட்சம் பவுண்டாகவும், வெற்றியாளரின் பங்கு 10 லட்சம் பவுண்டாகவும் உயர்ந்தன. 2025இல் 17 வயதில் பட்டம் வென்ற லூக் லிட்லரே மீண்டும் வென்றார். ஆட்டக்காரர்களுக்கு வருமானம் பெருகுவது மகிழ்ச்சிதான். ஆனால் தரவரிசை இரண்டாண்டுப் பரிசுப் பணத்தைக் கூட்டிக் கணக்கிடப்படுவதால், இந்த ஒரு போட்டியின் எடை அளவுக்கு மீறிப் போய்விட்டது. ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஆடுபவரின் உழைப்பை அந்தப் பட்டியல் இப்போது சரியாகக் காட்டுவதில்லை.

முதன்முறை செல்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய பிற்பகல் அமர்வு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே அமர்வில் பல ஆட்டங்களைப் பார்த்துவிடலாம். மாலைக் கூட்டத்தின் நெரிசலும் குறைவு. ஆட்டத்தையே ஊன்றிப் பார்க்க விரும்புபவர்கள் காலிறுதிக்குச் சென்று, மேசைகளைத் தவிர்த்துப் படிவரிசையில் அமர்வது நல்லது. வுட் கிரீன் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால், டபிள்யூ3 பேருந்து குன்றின் மேலே அரண்மனை வாசல் வரை கொண்டுபோய் விடுகிறது.