95 டாலருக்கு ஒரு பஸ்தேலெஸ் வகுப்பு

வாழை இலையில் மடித்துக் கட்டி வேக வைக்கும் போர்ட்டோ ரிகோ பண்டமான பஸ்தேலெஸ் கட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இந்த வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம். கரீபியன் தீவான போர்ட்டோ ரிகோவின் கிறிஸ்துமஸ் விருந்து முழுவதையும் ஒரே நாளில் கற்றுத் தருவார்கள் என்று விளம்பரத்தை நம்பிப் போனால் பாதி ஏமாற்றம்தான். நான் நம்பிப் போன ரகம்.

இடம், ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குத் தெற்கே இருக்கும் கிஸிம்மி. ஒரு சின்ன மளிகைக் கடை, பின்பக்கம் சமையல்கட்டு. டிசம்பர் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் 2 மணி வரை பத்துப் பேருக்கு வகுப்பு நடத்துகிறார்கள். பெயர் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன், பாவம், சின்னக் கடை. இந்தப் பக்கம் போர்ட்டோ ரிகோக்காரர்கள் எப்போதுமே அதிகம். 2017-இல் மரியா புயல் தீவைப் புரட்டிப் போட்ட பிறகு இன்னும் நிறையப் பேர் வந்து சேர்ந்தார்கள். நவம்பர் பிறந்தால் போதும், இங்கே கடைகளில் உறைய வைத்த வாழை இலைக் கட்டும் நூல்கண்டும் எண்ணெய்த்தாளும் வாசலிலேயே குவிந்துவிடும். நம் ஊரில் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்கொத்தும் வந்து இறங்குகிற மாதிரி.

அந்த வாழை இலையைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு ஆசை வந்தது. தென்காசியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தாள். சுத்த சைவம். நான் வெளியே எல்லாம் சாப்பிடுவேன், அது அவளுக்கும் தெரியும், பேசிக்கொள்வதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டேன். 'கறி வேண்டாமா? கொண்டைக்கடலை வைத்துச் செய்யலாம், பிரச்சினையே இல்லை' என்றார்கள். தலைக்கு 95 டாலர், இரண்டு பேருக்கு 190.

போன அன்று அந்தப் பேச்சு யாருக்கும் நினைவில்லை. வகுப்பு 40 நிமிடம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. அதையும் சேர்த்தே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிக் கொடுத்தவருக்கு எழுபது வயது இருக்கும். எல்லோரும் அவரை டோன்யா என்றுதான் கூப்பிட்டார்கள்; வயதில் பெரிய பெண்களுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதைச் சொல். சொந்த ஊர் கயேய் மலைப்பக்கம். சாலையோரம் முழுப் பன்றியைக் கம்பியில் கோத்துச் சுடும் கடைகளுக்குப் பேர்போன குவாவாத்தே அங்கேதான் இருக்கிறது. அவர் ஸ்பானிஷில் பேச, பேத்தி ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்ல, அம்மா காதுக்கு வந்து சேர்வதற்குள் அடுத்த வேலை தொடங்கியிருக்கும். அவளுக்கு அது தேவையே படவில்லை என்பது வேறு விஷயம்.

பஸ்தேலெஸ் என்றால் பேஸ்ட்ரி என்று நினைக்க வேண்டாம். பச்சை வாழைக்காயையும் யௌத்தியா என்ற கிழங்கையும் ஒரு துண்டு மஞ்சள் பூசணியையும் பச்சையாகவே துருவி, கூழாக்கி, நடுவில் பன்றிக்கறிக் கூட்டு வைத்து, வாழை இலையில் மடித்து, தாளில் சுற்றி, நூலால் கட்டி உப்புத் தண்ணீரில் வேக வைப்பது. கிறிஸ்துமஸ் முன்னிரவுக்கு இது இல்லாத வீடு அங்கே இல்லை என்கிறார்கள். ஒரு குடும்பமே நாள் முழுக்க உட்கார்ந்து ஐம்பது, நூறு என்று கட்டி உறைய வைத்துவிட்டு, ஜனவரி 6 மூன்று அரசர் திருநாள் தாண்டியும் எடுத்து எடுத்து வேக வைப்பார்களாம்.

கிழங்கை அம்மா கையில் எடுத்துத் தோலைச் சுரண்டிப் பார்த்தாள். "ஏட்டி, இது நம்ம சேம்பு மாதிரில்லா இருக்கு? கை அரிக்குமே."

அரித்தது. பத்துப் பேரில் கையுறை போட்டவர்கள் மூன்று பேர். துருவ ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் எதிரே நின்ற பையன் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தான். சேம்பு வகைக் கிழங்குகளில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும், அதன் வேலை அது. அம்மா எண்ணெய்க் குப்பியை எடுத்து உள்ளங்கையில் ஊற்றி முழங்கை வரை தேய்த்துக்கொண்டு, எனக்கும் தேய்த்துவிட்டாள். டோன்யா அதைப் பார்த்துவிட்டுத் தன் கையைக் காட்டினார். அவரும் எண்ணெய் பூசியிருந்தார். அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் ஒரு கட்சி.

வாழைக்காய்த் தோலை உப்புத் தண்ணீருக்குள் வைத்தே உரிக்கச் சொன்னார். கறை கையில் ஒட்டாது, காயும் கறுக்காது. மிக்ஸி வேண்டாம், துருவியின் மிகச் சின்னக் கண்ணில்தான் துருவ வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மிக்ஸியில் அரைத்தது நுரைத்துத் தண்ணீராக நின்றது. துருவியது கரண்டியை விட்டு மெதுவாகச் சரிந்தது, நல்ல வடைமாவு பதத்துக்குக் கொஞ்சம் தளர. இந்த ஒன்றைப் புத்தகம் படித்து நான் தெரிந்துகொண்டிருக்கவே மாட்டேன்.

அப்புறம் அச்சியோத்தே எண்ணெய். செங்கல் நிற விதையைச் சூடான எண்ணெயில் போட்டால் நிறம் இறங்கும். தீ சின்னதாக இருக்க வேண்டும், விதை கறுத்தால் கசப்பு. இந்த எண்ணெயில் கொஞ்சம் மாவில் கலக்க, கொஞ்சம் இலையில் தடவ. நிறம்தான் முக்கியம், வாசனை லேசாகத்தான் இருக்கும்.

இலையை அடுப்புத் தீயில் காட்டி வாட்டும் வேலை அம்மாவுக்கே வந்து சேர்ந்தது. ஊரில் கட்டுச்சோற்றுக்கு வாட்டின கை. இலையின் பச்சை ஒரு நொடியில் கருத்துப் பளபளக்கும், அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மடிக்கும்போது கிழியும். மற்றவர்களின் இலை நான்கில் ஒன்று கிழிந்தது. அவளுடையது ஒன்றும் கிழியவில்லை.

கட்டுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், காசு கொடுத்தது இதற்குத்தான். ஒரு சதுரத் தாள், அதன்மேல் உள்ளங்கை அகல இலை. இலையில் சிவப்பு எண்ணெய். ஒரு பெரிய கரண்டி மாவை நீளவாக்கில் பரப்பி, நடுவில் கறி, இரண்டு கொண்டைக்கடலை, ஒரு ஆலிவ். இப்போது இலையை மடிக்கக் கூடாது. தாளின் விளிம்பைத் தூக்கினால் இலையோடு மாவும் தானாகப் புரண்டு கறியை மூடும். பிறகு தாளின் இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து மடித்து மடித்து இறுக்கி, ஓரங்களை உள்ளே தள்ள வேண்டும். இப்படி இரண்டு பொட்டலம். மடிப்பு மடிப்பைப் பார்க்கும்படி ஒன்றாகச் சேர்த்து, குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக நூல் சுற்றி முடிச்சு. இந்த ஜோடிக்கு யூந்தா என்று பெயர். ஸ்பானிஷில் அந்தச் சொல்லுக்கு நுகத்தில் பூட்டிய இரட்டை மாடு என்று பொருள். பேத்தி சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் டோன்யாவும் காரணம் தெரியாமலே சிரித்தார். கார்த்திகைக்குப் பனையோலைக் கொழுக்கட்டை கட்டி வளர்ந்தவளுக்கு இது பெரிய வித்தையா என்ன.

சைவ விஷயம்? கறிக்கூட்டில் சேர்க்காமல் தனியாக இருந்த கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் எடுத்து, வெங்காயம் பூண்டு தாளித்து, ஆலிவ் போட்டு டோன்யாவே தயார் செய்துவிட்டார். சைவப் பொட்டலத்துக்கு அடையாளமாக நீல நூல். வேக வைக்க வேறு பானையும் கொடுத்தார். கடை மறந்ததை அவர் சரிக்கட்டினார்.

ஒரு மணி நேரம் கொதி, நடுவில் ஒரு முறை புரட்டிப் போட வேண்டும். என் கட்டு ஒன்று தளர்ந்து, தண்ணீர் புகுந்து, பிரித்தால் உள்ளே கஞ்சி. மற்றது அருமையாக வந்திருந்தது. இலைவாசம் முதலில், பிறகு கிழங்கின் வழவழப்பு, பிறகு பூண்டு. நம் நாக்குக்குக் காரம் இல்லை. போர்ட்டோ ரிகோ சமையலே காரச் சமையல் இல்லை. மெக்சிகோ மாதிரி மிளகாயை எதிர்பார்க்காதீர்கள். மேஜையில் இரண்டு சண்டை: உள்ளே உலர் திராட்சை போடலாமா கூடாதா, மேலே கெட்சப் ஊற்றலாமா கூடாதா. இரண்டாவதில் டோன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதுவரை பழுதில்லை. இதற்கப்புறம்தான் எனக்குக் கோபம்.

அரோஸ் கோன் கந்தூலெஸ் என்ற சோறு இந்த விருந்தின் மறுபாதி. கந்தூலெஸ் என்பது வேறொன்றுமில்லை, துவரை. பருப்பாக உடைக்காத பச்சைத் துவரை. இந்தியாவில் பயிராகி, ஆப்பிரிக்கா போய், அடிமைக் கப்பல்களின் காலத்தில் கரீபியன் சேர்ந்த பயறு. தென்காசிக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வகுப்பில் டப்பாவைத் திறந்து கொட்டினார்கள். முன் கடையில் உறைய வைத்த பச்சைத் துவரை விற்பனைக்கு இருக்கிறது, நானே பார்த்தேன். சொஃப்ரீத்தோ என்ற தாளிப்பு விழுது (வெங்காயம், பூண்டு, காரமில்லாத குட்டி மிளகாய், நீள இலைக் கொத்தமல்லி மாதிரி ஒரு கீரை) ஏற்கெனவே அரைத்து வைத்திருந்தது. 'இதைப் போடுங்கள்' என்றார்கள், போட்டோம். அளவு கேட்டால் 'பார்த்துப் போடுங்கள்'. பார்த்துப் போட எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறதே, 95 டாலர் எதற்கு?

ஒரே ஆறுதல் பெகாவ். கனத்த அலுமினியச் சட்டியின் அடியில் ஒட்டி முறுகிய சோறு. அதைச் சுரண்டி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். நாம் காந்தல் என்று சொல்வோமே, அதே. அங்கேயும் அதற்குப் போட்டிதான்.

பெர்னில் என்ற பன்றித் தொடை வறுவல் முந்தின இரவே அடுப்பில் வெந்துவிட்டிருந்தது. நாங்கள் பார்த்தது வெட்டுவதை மட்டும். கொக்கீத்தோ என்ற தேங்காய்ப்பால் ரம் பானம் எல்லாவற்றையும் டப்பாவிலிருந்து மிக்ஸியில் ஊற்றிச் சுற்றியது. குடிக்க நன்றாக இருந்தது, ஒரு சின்னக் கிண்ணத்துக்கு மேல் திகட்டும். இதற்கு வகுப்பு வேண்டாம்.

கடைசியில் அரோஸ் கோன் துல்சே. அரிசியைத் தேங்காய்ப்பாலில் இஞ்சி, பட்டை, கிராம்பு போட்டுக் குழைய வேக வைத்து, சர்க்கரையும் திராட்சையும் சேர்த்து, தட்டில் கொட்டி ஆற வைத்து வெட்டுவது. அம்மா ஒரு வாய் போட்டுவிட்டு, "சர்க்கரைப் பொங்கல்ல நெய்ய மறந்துட்டு இஞ்சியப் போட்டுட்டாங்க" என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டையும் எடுத்தாள். இதையும் முன்பே செய்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

ஆளுக்கு ஆறு பஸ்தேலெஸ் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். உறைந்ததை இளக விடாமல் அப்படியே கொதிநீரில் போட வேண்டும் என்ற குறிப்போடு. இதே கடையில் ஒரு டஜன் 42 டாலர், ஆகவே வகுப்புக் காசில் 21 திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். போகிறவர்கள் கையுறை கொண்டு போங்கள், கட்டும் நேரம் வரை கட்டாயம் இருங்கள். சோறு வைக்கும் நேரத்தில் முன் கடைக்குப் போய் இலையும் அச்சியோத்தே விதையும் வாங்கிக்கொள்ளலாம், விலை நியாயம்.

அம்மா மார்ச்சில் ஊருக்குத் திரும்பினாள். போன வாரம் பேசும்போது, வீட்டுச் சேம்பும் வாழைக்காயும் துருவி, அச்சியோத்தேக்குப் பதில் மஞ்சள்தூள் போட்டு, உள்ளே மொச்சை வைத்து, வாழைநாரில் ஜோடி ஜோடியாகக் கட்டிச் செய்தேன் என்றாள். தம்பி தக்காளி சாஸ் கேட்டானாம். கொடுக்கவில்லையாம்.