கைபேசிக்குள் பயணச்சீட்டு: சேலத்திலிருந்து கூகுள் வாலட்டைப் பயன்படுத்திப் பார்த்ததில்

இந்தியாவில் கூகுள் வாலட் 2024 மே மாதம் அறிமுகமானபோது, பணம் செலுத்துவதற்கு இன்னொரு செயலி வந்துவிட்டது என்றே நம்மில் பலர் நினைத்தோம். உண்மையில் இங்கே பணம் கொடுக்கும் வேலையைக் கூகுள் பே தனியாகவே பார்த்துக்கொள்கிறது. வாலட் என்பது போர்டிங் பாஸ், சினிமா டிக்கெட், மெட்ரோ பயணச்சீட்டு, கடைகளின் பாயிண்ட் கார்டு போன்றவற்றை ஓரிடத்தில் போட்டு வைக்கும் பை மட்டுமே. ஏர் இந்தியா, இண்டிகோ, பி.வி.ஆர். ஐநாக்ஸ், கொச்சி மெட்ரோ போன்றவை தொடக்கத்திலேயே இதில் இணைந்திருந்தன. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் நான் வேலை நிமித்தமாக அடிக்கடி ஹைதராபாத் செல்பவன். தங்கை ஏற்காட்டில் இருப்பதால் மலைக்கும் மாதம் இரண்டு முறையாவது போய்வருகிறேன். இந்த இரண்டு பயணங்களிலும் இச்செயலி எங்கே கைகொடுக்கிறது, எங்கே தேவையே இல்லை என்பதை இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதன் முழுப் பயனும் போர்டிங் பாஸில்தான் இருக்கிறது. சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்தில் 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு, ஏற்காட்டில் தங்கையின் வீட்டிலிருந்தே நேராக விமானத்துக்குக் கிளம்பும் வழக்கம் எனக்கு வந்தது. முன்பெல்லாம் செக்-இன் முடித்துவிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பிக் கீழே இறங்குவேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு, மிளகுக்கொடியும் காபிச்செடியுமாக எடுத்த நூறு புகைப்படங்களுக்கு நடுவே அந்த ஒரு படத்தைத் தேட வேண்டியிருக்கும். இப்போது தங்கை வீட்டு வைஃபையில் இருக்கும்போதே பாஸை வாலட்டில் சேர்த்துவிடுகிறேன். ஒருமுறை சேர்த்துவிட்டால் இணையம் இல்லாமலும் அது திறக்கிறது. திறந்தவுடன் திரையின் வெளிச்சம் தானாகவே கூடுகிறது. கேட்டில் உள்ள கருவி குறியீட்டைப் படிக்க மறுப்பதற்குப் பெரும்பாலும் மங்கிய திரைதான் காரணம் என்பதால், இது சிறிய வசதியாகத் தோன்றினாலும் எனக்கு மிகவும் பிடித்த வசதி.

அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனபோதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. இருவருடைய பாஸ்களும் என் கைபேசியில், ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும்படி அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் பெண்களுக்கு வரிசை தனி. அம்மா அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "என் டிக்கெட்டு எங்கடா கண்ணு?" என்று கேட்டபோது, என் கைபேசி ஏற்கெனவே தட்டில் வைக்கப்பட்டு எக்ஸ்ரே பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. அது மறுபக்கம் வெளியே வரும்வரை அம்மா, பெண்களைச் சோதிக்கும் திரைச்சீலைக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அங்கிருந்த பெண் காவலர், "பரவாயில்லைங்கம்மா, மெதுவா வாங்க" என்று நாற்காலியைக் காட்டினார். அந்த அன்பான சொல்லால் எங்கள் பதற்றம் தணிந்தது என்றாலும், அறுபத்தெட்டு வயதில் அம்மா அப்படி நின்றதற்கு என் யோசனையின்மையே காரணம். ஒரே கைபேசியில் குடும்பத்தின் எல்லா பாஸ்களையும் வைத்திருப்பவர்கள், கைபேசி தட்டுக்குப் போகும் முன்பே உடன் வருபவர்களின் பாஸ்களை அவரவர் கைபேசிக்கு அனுப்பிவிட வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்குக் காகிதத்தில் கொடுத்துவிட வேண்டும்.

ரயிலுக்கு வாலட்டின் தேவை எனக்கு ஏற்படவேயில்லை. முன்பதிவு செய்த டிக்கெட்டுக்கு, பி.என்.ஆர். எண்ணும் பெட்டி, படுக்கை விவரமும் வரும் குறுஞ்செய்தியும் ஓர் அசல் அடையாள அட்டையும் போதும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது ஆதாரை, அரசின் ஆவணச் சேமிப்புச் செயலியான டிஜிலாக்கரில் காட்டுகிறேன். 2018 முதல் ரயில்வே அதை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அரசுத் துறையிலிருந்து நேரடியாகப் பெறப்பட்ட ஆவணமே செல்லுமே தவிர, நாமே ஸ்கேன் செய்து பதிவேற்றிய படம் செல்லாது என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஈரோடு போன்ற பக்கத்து ஊர்களுக்கு எடுக்கும் முன்பதிவில்லாக் காகிதமற்ற டிக்கெட்டை, எடுத்த செயலியிலேயே திறந்துதான் காட்ட வேண்டும். அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் பரிசோதகர் ஏற்கமாட்டார். ஆகவே அதை வேறு எங்கும் பத்திரப்படுத்த முயல்வதில் பொருளில்லை.

ஏற்காட்டுப் பேருந்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நடத்துநர் கிழித்துக் கொடுக்கும் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். ஆம்னி பேருந்து டிக்கெட்டில் மட்டும் கவனம் தேவை. பேருந்தின் பதிவெண்ணும் ஓட்டுநரின் தொடர்பு எண்ணும் புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன்புதான் குறுஞ்செய்தியாக வருகின்றன; சேமித்து வைத்த டிக்கெட்டில் அவை இருக்காது. ஒருமுறை, ஏறுமிடம் மாறியதைச் சொன்ன அந்தக் குறுஞ்செய்தியைப் பார்க்காமல், பழைய விவரத்தை நம்பி ஐந்து ரோட்டில் நின்றேன். பேருந்தோ கொண்டலாம்பட்டி பைபாஸில் நின்றுகொண்டிருந்தது.

கடைகளின் பாயிண்ட் கார்டுகளைச் சேர்க்கும் வசதியைப் பெரிதும் எதிர்பார்த்தேன். பர்ஸில் கிடந்த ஐந்து அட்டைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பொறுமையாக ஏற்றினேன். மறுநாள் மளிகைக் கடையில் கைபேசியை நீட்டியபோது, பில் போடும் பெண், "கார்டெல்லாம் வேண்டாங்க சார், போன் நம்பர் சொல்லுங்க" என்றார். துணிக்கடையிலும் நகைக்கடையிலும் அதே பதில்தான். நம் ஊரில் வாடிக்கையாளரின் கைபேசி எண்ணே அட்டையாகிவிட்டதால், இந்த வசதி இங்கே பெரும்பாலும் வேலையின்றி இருக்கிறது.

அட்டையைக் கேட்ட ஒரே கடையில் வேறொரு தடை. அங்கிருந்தது சிவப்புக் கோடு அடிக்கும் பழைய லேசர் ஸ்கேனர். அது காகிதத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் வேறுபாட்டைக் கொண்டு கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் பிரித்தறிகிறது. கண்ணாடித் திரையிலிருந்து அந்த வேறுபாடு சரியாகத் திரும்புவதில்லை. கேமரா போலப் படமெடுத்துப் படிக்கும் புதிய ஸ்கேனர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்று முறை முயன்ற பின், பார்கோடுக்குக் கீழே இருந்த எண்களை அந்தத் தம்பி ஒவ்வொன்றாகத் தட்டிப் பதிவு செய்தார். அட்டையைச் சேர்க்கும்போது அந்த எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்கேனர் கைவிட்டாலும் எண் கைவிடாது.

சினிமா டிக்கெட்டுகளைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. ஜிமெயிலுக்கு உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்ததும், அதற்கான அமைப்பை அனுமதித்திருந்தால், டிக்கெட் தானாகவே வாலட்டில் வந்து அமர்கிறது. தன் மின்னஞ்சலை ஒரு செயலி படிப்பதை விரும்பாதவர்கள் அந்த அமைப்பை நிறுத்திவிட்டுக் கையால் சேர்த்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அடிக்கடி விமானத்தில் செல்பவர்களுக்கும் மல்டிபிளெக்ஸில் படம் பார்ப்பவர்களுக்கும் இச்செயலியைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்; சேலத்துக்குள்ளேயே கடைக்கும் பேருந்துக்குமாகப் போய்வருபவர்களுக்கு இது அவசியமில்லை. அடுத்த வாரம் அம்மாவுடன் மீண்டும் ஹைதராபாத் செல்கிறேன். என் பாஸ் கைபேசியில் இருக்கும். அம்மாவின் பாஸை முந்தைய நாளே அஸ்தம்பட்டி ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துவிடுவேன். அதை மட்டும் அவர் எங்கேயும் மறந்து வைப்பதில்லை.