ஸ்லாக்: கேள்வி கேட்க அருமை, அறிவிப்புப் போட ஆகாது

எந்த ஆபீஸாக இருந்தாலும் சரி, உள்ளுக்குள் ஓடும் மெசேஜ்களை வகை பிரித்தால் ஏழெட்டுக்கு மேல் தேறாது. புது விதி வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சர்வர் இயங்காது, இன்னார் சேர்ந்திருக்கிறார், இன்னார் விலகுகிறார், டைம்ஷீட் போடாதவர்கள் இன்றைக்குள் போடவும், இதைக் கொஞ்சம் பார்த்து ஓகே சொல்லுங்கள், யாருக்காவது இது தெரியுமா, அப்புறம் வாழ்த்துகள், வாழ்த்துகள், வாழ்த்துகள். கம்பெனி வளர்ந்தால் ஆட்கள் கூடுவார்கள், சுற்றி வளைத்துப் பேசுவது கூடும், வகை மட்டும் கூடாது. அதனால் ஆபீஸுக்குள் பேசிக்கொள்ள உதவும் மெசேஜ் செயலியான ஸ்லாக்கைப் பற்றி எழுதும்போது அதில் என்னென்ன பட்டன் இருக்கிறது என்ற பட்டியலுக்குள் நான் போகப் போவதில்லை. இந்த ஏழெட்டில் எதை ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, எதை வழியிலேயே தொலைக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் அவருடைய கூட்டாளிகளும் க்ளிட்ச் என்ற ஆன்லைன் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தபோது, தங்கள் டீமுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவியைச் செய்துகொண்டார்கள். விளையாட்டு 2012இல் மூடப்பட்டது, கருவி பிழைத்துக்கொண்டது. 2013இல் வெளியே காட்டினார்கள், 2014 பிப்ரவரியில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள், 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அதை சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆக, முதலில் இது ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த, எல்லா மெசேஜையும் எல்லாரும் படிக்கிற ஒரு சின்ன டீமுக்கான சாமான். இன்றைக்கு ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடங்களில் ஓடினாலும் எலும்புக்கூடு அதேதான். நல்லதும் கெட்டதும் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் நல்லது. கேள்வி கேட்பதற்கு இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. மெயிலில் ஒரு கேள்வி கேட்டால் பதில் இரண்டு பேருடைய இன்பாக்ஸுக்குள் அடைந்து கிடக்கும், மூன்றாவது ஆள் அதே கேள்வியை மறுபடி கேட்பார். ஸ்லாக்கில் பொதுச் சேனலில், அதாவது எல்லாருக்கும் திறந்த குழுப் பக்கத்தில், கேட்டால் கேள்வியும் பதிலும் அங்கேயே நிற்கும், அந்தச் சேனலில் சேராதவர்கூடத் தேடி எடுக்கலாம். ஒரு நாள் டெஸ்ட் சர்வரில் சர்ட்டிஃபிகேட் பிழை ஒன்று வந்து வேலை அப்படியே நின்றது. அந்தப் பிழைச் செய்தியை அப்படியே காப்பி செய்து தேடல் பெட்டியில் போட்டேன். எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர், யாரோ கேட்டதற்கு, எந்த ஃபைலில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருந்தார். கீழே நான்கு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள், ஐந்தாவது நான், அந்த நன்றி யாருக்குப் போய்ச் சேரப்போகிறது என்று தெரியாமலே சொன்னேன். மேனேஜரிடம் போய் இதற்கெல்லாம் ஏன் காசு கட்ட வேண்டும் என்று பேச்சு வந்தால் நான் சொல்வது இந்த ஒரு உபயோகத்தைத்தான்.

ஒரு மெசேஜுக்கு வரும் பதில்களை அதற்குக் கீழேயே தனியாக அடுக்கும் த்ரெட் வசதி 2017 ஜனவரியில் வந்த பிறகு இது இன்னும் சரியானது. அதற்கு முன்பு ஒரே சேனலில் மூன்று பேச்சு பின்னிப் பிணைந்து ஓடும், எது எதற்குப் பதில் என்றே பிடிபடாது. ஆனால் த்ரெட்டுக்கும் ஒரு வினை உண்டு. சிலர் முக்கியமான முடிவை த்ரெட்டின் முப்பதாவது பதிலில் எடுத்துவிடுவார்கள், சேனலில் இருப்பவர்களுக்குக் காற்றுவாக்கில்கூடத் தெரியாது. இதைத் தவிர்க்கத்தான் பதில் பெட்டிக்குக் கீழே ‘சேனலுக்கும் அனுப்பு’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்கிற ஆளை நான் மதிக்கிறேன், அப்படிப்பட்டவர்கள் குறைவு.

கேள்வியிலேயே இன்னொரு ரகம் இருக்கிறது. தனி மெசேஜில் ‘ஹாய்’ என்று மட்டும் வரும். பிறகு ‘தட்டச்சு செய்கிறார்’ என்று காட்டும், நிற்கும், மறுபடி காட்டும், மறுபடி நிற்கும். நாமும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். இதற்குக் கருவியைக் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டியதை முதல் மெசேஜிலேயே கேட்டுவிடுங்கள் சாமி.

அடுத்தது ஒப்புதல். இங்கேதான் ஸ்லாக் கொஞ்சம் சறுக்குகிறது, அதுவும் தன்னுடைய மிக அழகான வசதியாலேயே. ஒரு மெசேஜுக்குப் பதில் எழுதாமல் ஒரு எமோஜியை ஒட்டிவிட்டுப் போகலாம். ‘ஓகே’, ‘சரி’, ‘நன்றி’ என்ற வரிசைகள் காணாமல் போனதற்கு அதுதான் காரணம், அந்த வகையில் பெரிய புண்ணியம். ஆனால் கட்டை விரல் என்றால் என்ன? பார்த்தேன் என்றா, சம்மதம் என்றா, பிறகு பார்க்கிறேன் என்றா? கண் எமோஜி போட்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, இந்த வேலையை எடுத்துக்கொண்டாரா? ஒரு செலவுக்கு அனுமதி கேட்டு எழுதியதற்கு மேலே இருந்து ஒரு கட்டை விரல் வந்தது, டீம் வேலையை ஆரம்பித்துவிட்டது, பில் வந்தபோது ‘நான் பார்த்தேன்னுதானே போட்டேன்’ என்று பதில். பச்சை டிக் என்றால் அனுமதி, கண் என்றால் நான் எடுத்துக்கொண்டேன், கட்டை விரலுக்கு எந்த அர்த்தமும் கிடையாது என்று டீமுக்குள் எழுதி வைத்துக்கொள்ளும் இடங்களில் இந்தச் சண்டை வருவதில்லை. பணம் சம்பந்தப்பட்டதென்றால் அதுவும் போதாது, வாயைத் திறந்து ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

சரி, அறிவிப்புக்கு வருவோம். என் பெரிய குறை இதுதான். லீவ் விதி மாறுகிறது என்று ஹெச்ஆர் பொதுச் சேனலில் நான்கு பத்தி எழுதிப் போடுகிறார். அடுத்த பத்து நிமிடத்தில் யாரோ புதிதாகச் சேர்ந்தவரை வரவேற்கிறார்கள், ஐம்பது பேர் கை அசைக்கிறார்கள், அதற்குள் ஒருவர் பார்க்கிங்கில் விளக்கு எரியவிட்டு நிற்கும் காரின் நம்பரைப் போடுகிறார், இன்னொருவர் பிரிண்டர் ஓடவில்லை என்கிறார். லீவ் விதி ஆற்றோடு போயிற்று. காலையில் லீவில் இருந்து மதியம் உள்ளே வந்தவர் மேலே ஸ்க்ரோல் செய்து படிப்பார் என்று நம்புவதற்குத் தனி மனசு வேண்டும். ஊசி குத்தியதுபோல அதைச் சேனலில் ‘பின்’ செய்து வைக்கலாம்தான், ஆனால் பின் செய்ததைத் திறந்து பார்க்கும் ஒருவரைக் காட்டுங்கள்.

எத்தனை பேர் படித்தார்கள் என்று அனுப்பியவருக்குத் தெரியவும் வழியில்லை. படித்ததைக் காட்டும் நீல டிக் மாதிரி எதுவும் ஸ்லாக்கில் கிடையாது. படிக்கிறவனாக எனக்கு அது நிம்மதி. அறிவிக்கிறவர்களுக்கு அது தலைவலி. அந்தத் தலைவலியில் அவர்கள் கையில் எடுப்பது சேனலில் உள்ள எல்லாரையும் கூப்பிடும் அந்த அட் (@) குறி. இதில் இரண்டு வகை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அட் சேனல் என்றால் உறுப்பினர் எல்லாருக்கும் மணி அடிக்கும், அட் ஹியர் என்றால் அந்த நேரத்தில் ஆன்லைனில் இருப்பவர்களுக்கு மட்டும். அவசரமாக இப்போதே யாராவது வேண்டும் என்றால் அட் ஹியர் சரி. எல்லாருக்கும் போய்ச் சேர வேண்டிய விதியை அட் ஹியரில் போட்டால் ஷிஃப்ட் மாறி வருகிறவர்களுக்கு அது வந்ததே தெரியாது. பெரிய சேனலில் அட் சேனல் போட்டால் இத்தனை பேரை, இத்தனை நேர மண்டலங்களில் எழுப்பப் போகிறீர்கள், நிச்சயமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். மரியாதையாகத்தான் கேட்கிறது. கேட்டு என்ன பயன், எல்லாரும் ஆமாம் என்று தட்டிவிட்டுப் போகிறார்கள்.

கடைசியில் நடப்பது என்ன? அதே அறிவிப்பு மெயிலிலும் வருகிறது. மெயிலில் ‘விவரத்துக்கு ஸ்லாக் பார்க்கவும்’, ஸ்லாக்கில் ‘மெயில் பார்க்கவும்’. ஸ்லாக் வந்தால் மெயில் ஒழியும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். கணினிகளுக்கிடையே முதன்முதலாக ரே டாம்லின்சன் 1971இல் அனுப்பி வைத்த மெயில் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் மெயில் ஆற்றோடு ஓடிப்போகாது, இன்பாக்ஸில் படிக்காமல் தடித்த எழுத்தில் நம்மை முறைத்துக்கொண்டே இருக்கும். அறிவிப்புக்கு வேண்டியது அந்த முறைப்புதான்.

2017இல் உலகமெங்கும் வெளியான, ஸ்லாக்கின் போட்டியாளரான மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இந்த ஒரு விஷயத்தில் பரவாயில்லை, பெரிய தலைப்போடு அறிவிப்பு என்றே தனி வடிவம் இருக்கிறது, சின்னக் குழுக்களில் படித்தார்களா என்றும் தெரியும். ஆனால் அதில் அவசரம் என்று குறித்து அனுப்பினால் பெறுபவருக்கு 20 நிமிடம், 2 நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். இதை யோசித்தவர் ஒரு முறையாவது பெறுகிற பக்கம் இருந்திருப்பாரா என்று தெரியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் ஆபீஸை ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சொந்த வாழ்க்கையையும் வேலையையும் ஒரே போனில் ஒரே சத்தத்தில் கேட்க முடிகிறவர்கள் அவர்கள்.

வாழ்த்து, வரவேற்பு, பாராட்டு வகையறாவில் ஸ்லாக்கை அடிக்க ஆளில்லை. கம்பெனியே தன் ஆட்களின் முகத்தை எமோஜியாக ஏற்றி வைத்துக்கொள்ளலாம், அதைப் பிடிக்காதவர்கள் அந்தச் சேனலை மியூட் செய்துவிட்டுப் போகலாம். விடைபெறும் மெசேஜும் இங்கே நன்றாகவே எடுபடும். ஆனால் தொடர்புக்கு இந்த நம்பர் என்று அவர் எழுதியதை அன்றே குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் அவர் கணக்கு செயலற்றதாகிவிடும், அங்கே எழுதினால் அவருக்குப் போகாது.

ராத்திரி மெசேஜ் அனுப்பும் மேலதிகாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொந்தரவு செய்யாதே என்ற வசதியை ஸ்லாக் அறிமுகப்படுத்தியபோதே இரவு 10 முதல் காலை 8 வரை தானாக அமைதியாக இருக்கும்படி வைத்தார்கள், எனக்குப் பிடித்த முடிவு அது. இப்போது நேரம் குறித்து அனுப்பவும் முடியும். ராத்திரி பதினொன்றரைக்கு யோசனை வருவதில் தப்பில்லை, காலை ஒன்பதரைக்குக் குறித்து வைத்துவிட்டுப் படுங்கள்.

டிஎம், அதாவது தனி மெசேஜ், என்றால் ரகசியம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உயர்நிலைத் திட்டங்களில், நிறுவனம் உரிய முறையில் விண்ணப்பித்தால் தனிப்பட்ட உரையாடல்களையும் ஏற்றுமதி செய்து எடுக்க முடியும். மேனேஜரைப் பற்றிய உங்கள் கவிதைகளை வேறு இடத்தில் எழுதுங்கள்.

கடைசியாக, இலவசத் திட்டத்தில் ஓட்டலாமா என்று யோசிக்கும் சின்ன டீம்களுக்கு. முன்பு கடைசி 10,000 மெசேஜ் தெரியும் என்று வைத்திருந்தார்கள், 2022 செப்டம்பரில் அதை 90 நாள் என்று மாற்றினார்கள், 2024இலிருந்து ஒரு வருடத்துக்கு மேல் பழையதை அழித்தே விடுகிறார்கள். நான் மேலே புகழ்ந்த அந்தப் பழைய பதில், வேலையை விட்டுப் போனவர் எழுதி வைத்த அந்த வரி, இலவசத் திட்டத்தில் இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது. காசு கட்டப் போவதில்லை என்றால் நல்ல பதில் வந்த அன்றே அதை ஒரு பொது டாக்குமென்ட்டில் ஒட்டி வைத்துவிடுங்கள், அதையும் யாராவது ஒருவர் பெயரில் வேலையாகக் கொடுங்கள், ‘எல்லாரும் செய்வோம்’ என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.