ஜப்பானுக்குப் போன போயிச்சி, போகாமலே வரைந்த வாலென்ட்

மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதை வரைய ஆசைப்படும் வெளிநாட்டவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஜப்பானுக்கே போய்விடலாம், இல்லையென்றால் தன் மொழியிலேயே வரைந்து, புத்தகத்தை மட்டும் அங்கே அனுப்பலாம்.

தென்கொரியாவின் போயிச்சி முதல் வழி. அறிவியல் கதை வரைவதற்காகவே கல்லூரியில் இயற்பியல் படித்தவர். இனகாகி ரீச்சிரோ எழுத, இவர் வரைந்த 'டாக்டர் ஸ்டோன்' 2017 முதல் 2022 வரை ஷோனென் ஜம்ப் என்ற ஜப்பானிய மாங்கா வார இதழில் வந்தது. அதில் கல்லாகிப்போன மனிதர்களைப் பாருங்கள்: தசை மடிப்பு, விரலிடுக்கு, உடம்பில் ஓடும் விரிசல், எல்லாமே மெல்லிய கோடுகளில். அடுத்த படக்கட்டத்திலேயே யாராவது கண் பிதுங்கக் கத்துவார்கள். வாரக் கெடுவுக்குள் இவ்வளவு நுணுக்கமா என்று ஒவ்வொரு முறையும் அசந்துபோகிறேன்.

பிரான்சின் டோனி வாலென்ட் இரண்டாம் வழி. முதலில் ஐரோப்பிய பாணி படக்கதைப் புத்தகங்கள் வரைந்தார். அப்புறம் 'ரேடியன்ட்' மாங்கா: 2013இல் பிரெஞ்சில், 2015இல் ஜப்பானிய மொழியில், 2018இல் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் அனிமேயாக, அதாவது ஜப்பானிய அசைபடத் தொடராக. கோடு துள்ளி ஓடும். புத்தகம் புத்தகமாகத்தான் வரும், காத்திருக்க வேண்டும்.

கோட்டழகில் எனக்குப் போயிச்சிதான். ஆனால் இன்று வரையத் தொடங்கும் பிள்ளை கேட்டால் வாலென்ட் வழியைத்தான் சொல்வேன். வாராவாரம் இருபது பக்கம் என்பது உடம்பை உருக்கிவிடும்.